மிளகாய்க் கிடங்கில் ஓர் ஆலிவ் மரம்

அக்டோபர் 9, புதன்

காலை: இட்லி மூன்று, தேங்காய் போடாத சட்னி. மதியம்: சோறு ஒன்றரைக் கரண்டி, கீரை, ரசம். இரவு: கோதுமைக் கஞ்சி. எண்ணெய்: நாள் முழுதுக்கும் இரண்டு ஸ்பூன். நானே நின்று அளந்தது.

என் மனைவி கனகமணி வாயில் போடுவதையெல்லாம் இனி இப்படி எழுதி வைக்க வேண்டுமாம். மதுரை டாக்டரம்மா உத்தரவு. போன மாதம் மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்ததில் இருதயத்துக்குப் போகிற குழாயில் ஓர் இடத்தில் அடைப்பு. ஆறு மாதம் மாத்திரை, பத்தியம், நடை. ஏப்ரலில் திரும்பப் போய் அந்த ஓடுகிற மிஷினில் ஏறி நடந்து காட்ட வேண்டும். தேறினால் மாத்திரையோடு போயிற்று. தேறாவிட்டால் அந்த இன்னொரு விஷயம். அதை இங்கே எழுதவில்லை. நோட்டு இன்றைக்குத்தான் பிரித்தது.

எனக்கு இந்த விருதுநகர் பஜாரில் நாற்பது வருஷமாக எண்ணெய் வியாபாரம். சைக்கிளில் டின் கட்டித் தெருத் தெருவாக விற்றவன், இன்றைக்குச் சொந்தக் கடை, சொந்தச் செக்கு. என் முகத்துக்கு நேரே அந்த அம்மா சொல்கிறார்: "எண்ணெயைக் கொறைங்க சார். வேணும்னா ஆலிவ் ஆயில் கொஞ்சம் சேத்துக்கலாம்." என்ன தொழில் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 11, வெள்ளி

இட்லி இரண்டு. மதியம் சோறு ஒரு கரண்டி. இரவு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

சாயங்காலம் மாத்திரை கொடுக்கும்போது ஏப்ரல் பேச்சை எடுத்தேன்.

"ஏப்ரலும் கெடையாது, மேயும் கெடையாது. அந்த ஆஸ்பத்திரி வாசப்படியை நான் இனிமே மிதிக்க மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"போனா அறுக்கணும்பாக. என்னை அறுக்க விடமாட்டேன். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் அழுதாள். அதற்கும் மசியவில்லை. நாற்பது வருஷம் எத்தனையோ பேரைப் பேசி மடக்கியிருக்கிறேன். இவளிடம் மட்டும் சரக்கு நகராது.

அக்டோபர் 13, ஞாயிறு

மகள் அனுப்பி வைத்த ஆலிவ் எண்ணெய் பார்சலில் வந்தது. பச்சை பாட்டில், வெளிநாட்டு எழுத்து. மூடியைத் திறந்து மோந்தேன், கையில் தேய்த்துப் பார்த்தேன். நாக்கில் ஒரு சொட்டு. பச்சை இலையைக் கசக்கின வாசம். கெட்ட சரக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய்க்காரன் வீட்டு அடுப்படியில் அடுத்தவன் எண்ணெயா? பஜாரில் ஒருத்தன் பார்த்தால் போதும், நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"அப்ப அதை என்ன செய்யப் போறீங்க?" என்றாள் கனகு.

"இதைத் திருப்பி அனுப்பிருவேன். உனக்கு ஆலிவ் எண்ணெய்தான் வேணும்னா மரத்தை வாங்கி வச்சு, காயைப் பறிச்சு, நம்ம செக்குல நானே ஆட்டித் தாரேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் சிரிப்பு.

"நீங்க அந்த மரத்துல ஒரே ஒரு காயைக் காய்க்க வச்சுக் காட்டுங்க. நானே வந்து அந்த மிஷின்ல ஏறுறேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். மிளகாய் வத்தல் மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் முடிப்போம். முடித்த பேச்சு மாறுவது கிடையாது. அவள் கைமேல் துண்டைப் போட்டு ஒரு விரலைப் பிடித்தேன்.

"ஒரு காய். ஏப்ரலுக்குள்ள."

"ஒரு காய்" என்றாள், இன்னும் சிரித்துக்கொண்டே.

அக்டோபர் 20, ஞாயிறு

கோத்தகிரிப் பக்கம் ஒரு நர்சரியில் மரம் கிடைத்தது. என் கடை மினி வேனில் டிரைவர் மூக்கையாவும் நானும் போய் ஏற்றி வந்தோம். நர்சரிக்காரர் பெயர் போஜன். பொறுமையான மனுஷர்.

"அஞ்சு வயசு மரங்க. ஆனா உங்க ஊர் வெயிலுக்கு உயிரோட இருக்கும், காய்க்கிறது சந்தேகம்" என்றார்.

"உயிரோட இருந்தா மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஆள் உயரம். இலை ஒல்லியாக, மேலே பச்சை, அடியில் வெள்ளி. வெயில் பட்டால் பழைய எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மங்கலாக மின்னுகிறது. வாசலில் தொட்டியோடு இறக்கினோம். தொட்டி நல்ல கனம். இடது தோள் இன்னும் வலிக்கிறது.

கனகு: இட்லி மூன்று. மூன்றாவது இட்லியை மரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். "என்னங்க இது, பாக்க நம்ம வேப்பங்கன்னு தேவலை" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

வீட்டில் பலகாரம் சுடவில்லை. எண்ணெய்க்காரன் வீட்டில் தீபாவளிக்கு வாணலி ஏறாதது இதுதான் முதல். அவல் பாயசம் வைத்தாள். நானும் அதையே குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்குப் போகிற வழியில் பொரித்த புரோட்டா இரண்டு சாப்பிட்டேன். இந்த நோட்டு அவள் சாப்பாட்டுக்குத்தான். என்னுடையதை எழுத வேண்டிய அவசியமில்லை.

நவம்பர் 6, புதன்

மரத்துக்கு நல்ல சாப்பாடு போட்டு வருகிறேன். செக்கிலிருந்து கடலைப் புண்ணாக்கு கிலோக்கணக்கில் வருகிறது. அடுத்தவன் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து வேரில் ஊற்றினேன். அடுத்த நாள் எள்ளுப் புண்ணாக்கு. தினம் காலை இரண்டு குடம் தண்ணீர். இந்தத் தெருவில் எந்த மரத்துக்கும் இப்படி ஒரு கவனிப்பு கிடையாது.

நவம்பர் 14, வியாழன்

இலை மஞ்சளாகிறது. புண்ணாக்கைக் கூட்டினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இலை கொட்டுகிறது. தெருவுக்கே புளிச்ச நாற்றம். பக்கத்து வீட்டு வாத்தியார் சம்சாரம் வந்து, "அக்கா, உங்க வீட்டுல எதுவும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

"இன்னும் சாகலை. அவுக முயற்சி பண்ணிட்டிருக்காக" என்றிருக்கிறாள் கனகு.

போட்டோ எடுத்து போஜனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஐயா, யாருங்க இவ்வளவு சாப்பாடு போட்டது?"

"நான்தான். எல்லாம் மொதல் தரம்."

"அது பாறை இடுக்குல வளர்ற சாதிங்க. ஒண்ணும் போடாதீங்க. மண்ணு காஞ்சு, விரலை விட்டா தூசியா வரணும், அப்புறந்தான் தண்ணி. பட்டினி போடுங்க, பொழைச்சுக்கும். நீங்க அன்பா இருந்தா செத்துரும்."

தொட்டியைக் கவிழ்த்து, அழுகின வேரை நறுக்கி, ஆற்று மணலும் செங்கல் ஜல்லியும் போட்டு மறுபடி நட்டேன். இப்போது வீட்டில் பத்தியக்காரர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிற பார்வை ஒன்றுதான்.

நவம்பர் 30, சனி

இரண்டு கணுவில் புதுத் துளிர். கடுகு அளவு. கனகுதான் முதலில் பார்த்தாள். என்னிடம் சொல்லவில்லை. வாசலில் குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தவளை நான்தான் என்னவென்று கேட்டேன்.

காலை: இட்லி மூன்று. மதியம் கீரை இரண்டு முறை வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 5, வியாழன்

"துளிர் விடும், வளரும். பூக்காதுங்க" என்கிறார் போஜன். "ராத்திரி நல்ல குளிர் ரெண்டு மாசம் வேணும். பகல்ல வெயில். அப்பதான் அதுக்குப் பூக்கணும்னு புத்தி வரும். உங்க ஊர்ல குளிருக்கு எங்க போவீங்க?"

விருதுநகரில் மார்கழியிலும் விசிறி நிற்காது.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்று நாளாக மரத்தை எங்கள் படுக்கை அறையில் ஏ.சி. போட்டு வைத்திருந்தேன். பதினாறில். நானும் கனகுவும் கம்பளிக்குள். இன்று காலை அவளுக்குத் தும்மல்.

"நான் பொழைக்கணும்னுதானே இந்த மரம்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப என்னைக் குளிர்ல கொல்லாதீங்க. ஒண்ணு அது, இல்ல நான்."

மரம் வெளியே போயிற்று.

டிசம்பர் 12, வியாழன்

இன்று பஜாரில் செல்வரத்தினம் கடையில் உட்கார்ந்திருந்தபோது மண்டைக்குள் விளக்கு எரிந்தது. செல்வரத்தினம் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. மிளகாய் வத்தல் வியாபாரம். சிவகாசி ரோட்டில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கிறான். ஆயிரக்கணக்கான மூடை வத்தல், நிறம் போகாமல் வருஷம் பூராவும் குளிரிலேயே கிடக்கிறது. குளிருக்கு நான் கோத்தகிரி ஏன் போக வேண்டும்? குளிர் நம் ஊரில் மூடை மூடையாக இருக்கிறது.

"என்னய்யா சொல்ற? மரத்தையா?" என்றான்.

"சாயங்காலம் வைப்பேன், காலையில எடுத்துக்குவேன். ஒரு மூடை எடம்."

"வத்தல்ல வண்டு விழுந்தா?"

"வண்டு உன் வத்தல்ல இருந்து என் மரத்துக்கு வராம இருக்கணும்னு நான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு கேட்டான்: "எதுக்குடா இந்தப் பாடு? கனகுக்காகவா?"

"ஒரு பந்தயம்" என்றேன். வாசலோரம் ஓர் இடம் ஒதுக்கித் தருகிறேன் என்றான்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி முதல் நாள். மரம் கிடங்குக்குக் குடி போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு வேனில் ஏற்றி, கிடங்குச் சரிவில் தள்ளிக்கொண்டு போய் வைத்தோம். காலை ஏழு மணிக்குத் திரும்ப வாசலுக்கு. சரிவு ஏறுகிறபோது மூச்சு முட்டியது. வத்தல் நெடி. உள்ளே போகிற எவனுக்கும் முதல் நாள் அப்படித்தான்.

டிசம்பர் 24, செவ்வாய்

மரம் மிளகாய் வாசம் அடிக்கிறது. காலையில் வாசலில் இறக்கியதும் தெரு முழுக்கத் தும்மல். வாத்தியார் சம்சாரம் இப்போது எங்கள் வீட்டைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறது. பால்காரன் சைக்கிளை எதிர்ச் சாரியில் விடுகிறான்.

ஜனவரி 3, வெள்ளி

கனகு காலையில் வீட்டில் இருப்பதில்லை. ஆறரைக்குப் போகிறவள் ஏழேகாலுக்கு வருகிறாள். எனக்குக் காப்பி தாமதம்.

விசாரித்ததில், கிடங்குக்கு நடந்து போகிறாளாம். "அந்தக் கிடங்காளுக மரத்து மேல மூடையைச் சாத்தி வச்சிருக்காக. ஒரு கிளை ஒடிஞ்சு கெடக்கு. நான் பாக்காட்டி யாரு பாப்பா?" என்றாள். போக ஒன்றரை கிலோமீட்டர். வரும்போதும் வேனில் ஏறுவதில்லை. வத்தல் நெடி மரத்தோடு உட்கார முடியவில்லையாம். நடந்தே வருகிறாள்.

தெருவில் சும்மா நடக்கச் சொன்னபோது, "வேலை இல்லாதவளா நான்?" என்றவள் இவள்தான்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி அனுமதித்தேன். அவள் ஒன்றரை எடுத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நான் மூன்று எடுத்தேன். அவள் பார்த்தாள்.

கிடங்குக்கு இன்று லீவு. மரமும் வீட்டில் பொங்கல் கொண்டாடியது. கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிவிட்டிருந்தாள்.

ஜனவரி 27, திங்கள்

தொட்டி தூக்கித் தூக்கி இடது கை கீழ்வரைக்கும் இழுக்கிறது. செல்வரத்தினம் ஒரு தைலம் கொடுத்தான். அதுவும் மிளகாய்தான் போலிருக்கிறது. எரிச்சலில் பழைய வலி தெரியவில்லை. கிடங்குக் குளிரில் நின்றுகொண்டிருக்கும்போதே சட்டை நனைகிற அளவு வியர்த்தது. இதுவும் வத்தல் நெடிதான்.

பிப்ரவரி 10, திங்கள்

"எட்டு வாரம் ஆச்சுங்க. போதும். இனி வெயில்லயே விடுங்க" என்றார் போஜன். மரம் கிடங்கைக் காலி செய்தது. செல்வரத்தினம் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான்.

கனகு மட்டும் கிடங்கு ரோட்டு நடையை நிறுத்தவில்லை. அங்கே எதிர்வீட்டு அம்மா கூட்டாளி ஆகிவிட்டார்களாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றுமில்லை. இலைதான்.

மார்ச் 16, ஞாயிறு

இலைதான்.

மார்ச் 21, வெள்ளி

இலைக் கக்கத்தில் பச்சைப் பொடிப்பொடியாக ஏதோ கொத்து. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். துளிர் இல்லை. போட்டோ அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போஜனிடமிருந்து போன் வந்தது.

"ஐயா, மொட்டுங்க."

"சந்தேகம்னீங்களே?"

"நான் இதுவரைக்கும் மிளகாய்க் கிடங்குல மரம் வளத்தவரைப் பாத்ததில்லைங்க."

கடையைப் பதினோரு மணிக்குத்தான் திறந்தேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 2, புதன்

பூத்துவிட்டது. வெள்ளை. அரிசிக் குருணை அளவு. வேப்பம்பூ கொத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி. தெருவே வந்து பார்த்தது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிய ஊரில், கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதி எங்கள் வாசலில் நின்று போயிற்று. செல்வரத்தினம் வந்தவர்களிடமெல்லாம், "எட்டு வாரம் எங்க கிடங்குல இருந்த மரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாதிக் காய் அவனுக்காம்.

மகரந்தம் காற்றில்தான் பரவும் என்றார் போஜன். மேஜை விசிறியை வாசலில் வைத்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று பக்கமும் ஓடவிட்டேன். விசிறியைத் தூக்கிக்கொண்டு சுற்றியதில் நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு. வாயு. இஞ்சி குடித்தேன்.

கனகு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பூவையும் பார்க்கவில்லை, விசிறியையும் பார்க்கவில்லை.

"ஒக்காருங்க கொஞ்சம்" என்றாள்.

"பதினேழாம் தேதி மதுரைக்கு. நெனைப்பிருக்கட்டும்" என்றேன்.

"காயைக் காட்டுங்க மொதல்ல."

ஏப்ரல் 7, திங்கள்

மத்தியானம் அனல் காற்று. பூ பாதி கொட்டிவிட்டது. வாசலில் வெள்ளைத் தூள்.

ஏப்ரல் 9, புதன்

முழுதும் கொட்டிவிட்டது. ஒவ்வொரு கொத்தாகக் கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒரு பிஞ்சு இல்லை.

சாயங்காலம் கனகு வந்து பக்கத்தில் நின்றாள். "போகட்டும் விடுங்க. பூத்துச்சுல்ல" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பேரத்தில் ஜெயித்தவள் அப்படித் தணிந்து பேசக்கூடாது. போக மாட்டேன் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாற்பது வருஷத்தில் கடலை எண்ணெயில் ஒரு சொட்டு பாமாயில் கலந்தவன் இல்லை நான். எண்ணெய் வியாபாரிகள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

இன்று மதுரைக்குப் போய், ஒரு பெரிய மளிகைக் கடையில் ஆலிவ் காய் பாட்டில் ஒன்று வாங்கினேன். பச்சைக் காய், தண்ணீரில் ஊறுகிறது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு முனையில் சிவப்பாகப் பொட்டு. காம்பு இருந்த இடம் போலிருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

காலை ஆறரை. கனகு நடைக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். எட்டுக் காய் தேர்ந்தெடுத்து மூன்று தண்ணீரில் கழுவித் துடைத்தேன். பச்சை நூல், தையல் ஊசி. சிவப்புப் பொட்டை மேல்பக்கம் வைத்து, இலைக்குள் மறைகிற மாதிரி கொத்துக்கு இரண்டாகக் கட்டினேன். சும்மா சொல்லக் கூடாது. போஜன் வந்து பார்த்தாலும் ஒரு நிமிஷம் ஏமாந்திருப்பார்.

ஏழேகாலுக்கு வந்தாள்.

"கனகு! இங்க வா. அன்னைக்கு நாம சரியாப் பாக்கலை."

கிட்டத்தில் வந்தாள். எண்ணினாள். "எட்டு" என்றாள்.

"ஒண்ணுதான் கேட்ட. எட்டு."

"மூணு நாளைக்கு முந்தி பூ கொட்டுச்சு. அதுக்குள்ள கோலிக்குண்டு சைஸ் காயா?"

"வெளிநாட்டு மரம். எல்லாம் வேகம்."

அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாயில் போட்டுக் கடித்தாள். முகம் மாறவில்லை. மென்றாள்.

"உப்புக் கரிக்குதே."

"அது... கடலோரத்துச் சாதி. அந்தக் குணம் போகாது."

கையில் மீதிப் பாதியைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கொட்டை இல்லை. சிவப்பாக ஒரு துண்டு செருகியிருந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விரலால் அதை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னங்க?"

பார்த்தேன். மிளகாய். குடைமிளகாயாக இருந்தாலும் மிளகாய்தான். நாற்பது வருஷ வியாபாரம் என்னைக் கைவிடவில்லை.

"எட்டு வாரம் வத்தல் கிடங்குல இருந்துச்சுல்ல. காய்க்குள்ள எறங்கிருச்சு."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். வாத்தியார் சம்சாரம் எட்டிப் பார்த்தது. "கொட்டையை எடுத்துட்டு மிளகாயைத் திணிச்சுக் காய்ச்சிருக்கு, பாருடி!" என்று அதற்கும் ஒரு காயைப் பறித்துக் கொடுத்தாள். பாவி, ரசித்துத் தின்றது.

சிரிப்பு நின்றபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க சங்கத்துல கலப்படம் பண்றவனுக்கு என்ன தண்டனை?"

"சரக்கு வாங்கினவன் என்ன சொல்றானோ அதுக்குக் கட்டுப்படணும்."

"அப்ப கேளுங்க. பதினேழாம் தேதி நான் மதுரைக்கு வாரேன். மிஷின்ல ஏறுறேன். ஆனா எனக்கு முந்தி நீங்க ஏறணும்."

"எனக்கு என்ன கேடு?"

"தோள் வலின்னீங்க."

"தொட்டி தூக்கினதுல..."

"தொட்டியை என்னைக்குங்க நீங்க தூக்கினீங்க? மூக்கையா ஒத்தையாத்தானே தூக்கினான். ஒரு நாள் விடாம நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரிதான். கோத்தகிரியிலிருந்தே மூக்கையாதான்.

அவள் வரச் சம்மதித்துவிட்டாள். எனக்கு அது போதும். மிஷினில் ஏறி இறங்க எனக்கு ஐந்து நிமிஷம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் காட்ட வேறு நோட்டில் சாப்பாட்டு விவரத்தை மட்டும் சுத்தமாக எழுதினேன். அதில் மரம் இல்லை. ஒரே இருப்பில் ஆறு மாதம் எழுதியாயிற்று.

ஏப்ரல் 17, வியாழன்

மதுரை. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "ஆறு மாசமும் ஒரே பேனா, ஒரே மையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் நான். நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். மிஷின் மெதுவாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம். மூன்றாவது நிமிஷம் சரிவு ஏறியது. கையிலிருந்து கழுத்து வரைக்கும் அதே இழுப்பு. அங்கே மிளகாய் வத்தல் ஒரு மூடைகூட இல்லை. மிஷின் பையன் சட்டென்று நிறுத்திவிட்டு, "சார், இறங்காதீங்க, அப்படியே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பிறகு கனகு ஏறினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிடங்கு ரோட்டில் போகிற அதே நடை. ஒன்பது நிமிஷம். போதும் என்று அவர்கள்தான் நிறுத்தினார்கள். "பிரமாதம்மா. உங்களுக்கு ஆபரேஷன் பேச்சே இல்ல, மாத்திரை போதும்" என்றார் டாக்டரம்மா.

அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. நான் படுத்திருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 19, சனி

நேற்றுப் படம் எடுத்தார்கள். எனக்கு மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன்தான், தள்ளிப்போட வழியில்லை, இவ்வளவு நாள் நடமாடியதே பெரிய விஷயம் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சித்திரை மாதம், கடையில் சீசன், சரக்கு வந்து இறங்குகிற நேரம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால், கனகு சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது வெளியே நடைபாதையில் டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கதவு பாதி திறந்திருக்கிறது. இங்கே படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

"திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு வச்சிருக்கோம்மா."

"திங்கக்கெழம ஏழரையில இருந்து ஒம்போது ராகு காலம். ஆகாது."

"அப்ப செவ்வாய்?"

"நல்ல காரியத்தைச் செவ்வாக்கெழமையா தொடங்குவாக? புதன் வைங்க."

"புதன் நாலு பேர் இருக்காங்கம்மா. நீங்க சொன்னா அஞ்சாவதா சேக்கலாம். சாயங்காலம் ஆயிரும்."

"அஞ்சாவது ஆளுன்னா உங்க கையே சலிச்சுப் போயிருக்கும். மொத ஆளா எடுங்க. காத்திருக்கிற நாலு பேருக்கும், அவுக சொந்தக்காரங்களுக்கும், நான் போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்கித் தாரேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

"அவங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா..."

"ஒத்துக்குவாக."

அவள் செருப்புச் சத்தம் அடுத்த அறைக்குப் போனது. அங்கே யாரோ சிரித்தார்கள். அதற்கு அடுத்த அறை. அங்கே கொஞ்சம் நேரமாயிற்று. ஒரு பெரியவர் குரல் உயர்ந்தது, இறங்கியது. நாலாவது அறையிலிருந்து ஒரு பெண் வாசல் வரைக்கும் வந்து, "நீங்க மனசை விட்ராதீங்கக்கா" என்று வழியனுப்பினாள்.

நாற்பது வருஷம் பஜாரில் உட்கார்ந்தவன் நான். கேட்ட நாள், கேட்ட நேரம், கேட்ட இடம், மூன்றையும் கையில் ஒன்றுமில்லாமல் வாங்கினவரை நான் பார்த்ததில்லை. இவளைக் கடையில் உட்கார வைக்காமல் விட்டுவிட்டேன்.

உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"புதன்கெழம, காலையில ஏழு மணி. மொத ஆளு நீங்க."

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே" என்றேன்.

"உங்ககிட்ட யாரு கேட்டா? நோட்டை மூடிட்டுப் படுங்க."

படுக்கிறேன்.